மேல்தாழ்ப்பாள், கீழ்த்தாழ்ப்பாள்

சார், கரண்ட் கணக்கெடுக்க வந்த சாரா? மீட்டர் பெட்டி மூடியத் திறக்குற சத்தம் கேட்டுச்சு. போயிராதீங்க சார். உங்க தலைக்கு மேல பாருங்க, கம்பி போட்ட சின்ன ஜன்னல் தெரியுதுல்ல, அதுக்குள்ளதான் நிக்கிறேன். இது பாத்ரூம். காலையில எட்டரைக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்க வந்தவன் சார் நான். என் வீட்டுக்காரி வெளிய தாழ்ப்பாளப் போட்டுட்டுப் போயிட்டா. மணி என்ன சார் இப்ப?

பதினொண்ணேகாலா. சரி, இன்னும் நேரம் இருக்கு. உங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல சார். இந்தச் சந்துலயே நேரா நடந்தா பின்பக்கம் வந்துரும். துணி துவைக்கிற கல்லு இருக்கும், அதுக்கு எதித்தாப்புல இந்தக் கதவு. மேல்தாழ்ப்பாள் மட்டுந்தான் போட்டுருக்கு. ஒரு இழுப்பு இழுத்தீங்கன்னா முடிஞ்சது.

என்னது? திருடனா? நானா?

நல்லா இருக்கே கதை. சரி, உங்களயும் குத்தம் சொல்ல முடியாது. ஆள் இல்லாத வீட்டுல பாத்ரூமுக்குள்ள இருந்து ஒருத்தன் திறந்து விடுன்னு கத்துனா யாருக்குமே சந்தேகம் வரத்தான் செய்யும். என் பேரு தனுஷ்கோடி. மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி வச்சிருக்கேன், ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்வாங்க. என்ன? பேருதான் வாசல்ல போர்டுலயே எழுதியிருக்கா? ஆமா, அதுவும் சரிதான். பக்கத்து வீட்டுல கேக்குறீங்களா? அந்த டீச்சரம்மா வர மாட்டாங்க சார். நான் கத்த ஆரம்பிச்சதுமே டிவி சத்தத்தக் கூட்டி வச்சுட்டாங்க, கேக்குதா பாருங்க. அவங்களுக்கு அது பழக்கம். என் வீட்டுக்காரி கத்துற நாள்லயும் அப்படித்தான் கூட்டி வைப்பாங்க. அடுத்த வீட்டு விசயத்துல தலையிடாத நல்ல குடும்பம். இன்னைக்குத்தான் கொஞ்சம் இடைஞ்சலாப் போச்சு.

இந்தா, ஒண்ணு செய்யுறேன். இந்தப் பாத்ரூமோட கணக்க வரி வரியாச் சொல்றேன். திருடனுக்கு வீட்டுக்காரன் பேரு தெரிஞ்சிருக்கலாம், பாத்ரூமுக்கு என்ன எஸ்டிமேட்டுன்னு தெரியுமா? ஆவணியில ஆரம்பிச்சு ஐப்பசியில முடிச்சது. தரைக்கு வழுக்காத டைல்ஸ், சதுர அடி ஐம்பத்தெட்டு ரூபா. சுவத்துக்கு நாப்பத்திரெண்டு, ஏழடி உயரம் வரைக்கும். மொத்தம் ஒரு லட்சத்து நாப்பத்திரெண்டாயிரம். எல்லாம் நான் உக்காந்து பேசி முடிச்சது சார்.

எதுக்கு இடிச்சுக் கட்டுனேன்னா, வாஷ் பேசின் உடைஞ்சுருச்சு. அவ தலை பட்டுத்தான் உடைஞ்சது. நான்தான் தள்ளுனேன், இல்லைன்னு சொல்லல, நம்மகிட்ட ஒளிவு மறைவு கிடையாது. ஆனா பலமாத் தள்ளல சார். நான் குளிச்சுக்கிட்டு இருக்கும்போது ஒரு வியாபாரி போன் பண்ணியிருக்கான். இவ எடுத்து, குளிக்கிறாருன்னு சொல்லிட்டா. பத்து மணிக்குக் குளிக்கிறவன்கிட்ட எவன் சார் சரக்கப் போடுவான்? வெளிய வந்து கேட்டா, வேற என்ன சொல்லணும்னு என்னையே திருப்பிக் கேக்குறா. அந்த வாய்க்குத்தான். பின்கழுத்தப் பிடிச்சு பேசின் பக்கமா ஒரு அமுக்கு அமுக்குனேன். அதுக்கே ரெண்டாப் பிளந்து விழுந்துச்சு. ரெண்டாயிரத்து நானூறு குடுத்து வாங்குன பேசின். என்ன சாமான் விக்கிறானுக பாருங்க. அவளுக்கு ஏழு தையல். டாக்டர் கேட்டதுக்கு வழுக்கி விழுந்துட்டேன்னு அவளாத்தான் சொன்னா, நான் சொல்லிக்கூடக் குடுக்கல.

விழுந்த பேசின் தரையையும் பேத்துருச்சு, குழாயையும் உடைச்சுருச்சு. கொஞ்ச நாள்ல சுவரெல்லாம் ஓதம். சரி, ஒரேயடியா எடுத்துக் கட்டிருவோம்னு முடிவு பண்ணுனேன். முதல்ல பெரிய கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர்ல படம் போட்டுக் காட்டி ரெண்டு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம்னான். ஏன்டா, குளிக்கவா குடியிருக்கவான்னு கேட்டுட்டு வந்துட்டேன். அப்புறந்தான் நம்ம சூசைக் கொத்தனாரக் கூப்பிட்டது. அவன் தொழிலே தனி. பேப்பர்ல எழுத மாட்டான். காதுல பென்சில் வச்சிருப்பான், டேப்ப இழுத்து இழுத்துப் பாத்து எஸ்டிமேட்டச் சுவத்துலயே எழுதுவான். டைல்ஸ் ஒட்டுனா மறைஞ்சுரும், அது வரைக்கும் யாரும் கணக்க மாத்த முடியாதும்பான். இந்தா, இப்ப நான் சாஞ்சு நிக்கிற டைல்ஸுக்குப் பின்னாடி அம்புட்டும் இருக்கு. இடிக்கவும் குப்பை அள்ளவும் ஒன்பதாயிரம், குழாய் வேலை இருபத்திரெண்டு, தண்ணி இறங்காம மருந்து பூச பதினொண்ணு, கூலி இருபத்தெட்டு. பிவிசி கதவு நாலாயிரம். கீசர், ஷவர் பதினாலாயிரத்து ஐநூறு. கடைசியா ஒரு வரி எழுதுனான், ‘எதிர்பாராதது’ன்னு. அதுக்கு நேரா பதினாலாயிரம். என்னடா இதுன்னேன். எந்த எஸ்டிமேட்லயும் எதிர்பாராதது ஒண்ணு வரும் அண்ணாச்சி, பத்துல ஒரு பங்கு ஒதுக்கி வைக்கணும்னான். என் வீட்டுல எனக்குத் தெரியாம என்னடா வந்துரப் போகுதுன்னு உள்ளங்கையால அந்த வரிய அழிச்சு விட்டேன்.

மணி என்ன சார்? இருபத்தஞ்சா. சரி சரி, வேகமாச் சொல்றேன்.

இதுல அதிசயம் என்னன்னா, என் வீட்டுக்காரி செல்வராணி இருக்கால்ல, பதினாறு வருசமா இந்த வீட்டுல ஒரு செம்பு எங்க இருக்கணும்னுகூட வாயத் திறக்காதவ, இந்த வேலைக்குன்னு நாற்காலியப் போட்டுச் சூசை கூட உக்காந்துட்டா. மகளோட நோட்டுல எழுதி வச்சிருக்கா. எனக்கே சந்தோசமாப் போச்சு. என்ன வேணும்னு கேட்டேன். கீசர் வேணாம், ஷவர் வேணாம், வாளித் தண்ணி போதும், அந்தப் பதினாலாயிரத்து ஐநூறக் கதவுல போடுங்கன்னா. பிவிசி வேணாமாம். வேங்கை மரமாம். பதினெட்டாயிரத்து ஐநூறு. கூட்டிப் பாத்தா மொத்தத் தொகையில ஒரு ரூபா மாறல. கெட்டிக்காரின்னு நினைச்சேன்.

மரக்கதவு எனக்கும் சம்மதந்தான். ஏன்னா பிவிசி கதவுல நான் நொந்து போயிருந்தேன் சார். ஆறு வருசத்துல மூணு கதவு. இவ ஒரு அடி வாங்குனா நின்னு வாங்க மாட்டா. ஓடிப்போய் பாத்ரூமுக்குள்ள புகுந்து தாழ்ப்பாளப் போட்டுக்குவா. வீட்டுல உள்தாழ்ப்பாள் இருக்குற அறை இது ஒண்ணுதான், மத்ததையெல்லாம் நான் எப்பவோ கழட்டிட்டேன். நானும் திற திறன்னு மரியாதையாத்தான் சொல்வேன். திறக்கலைன்னா உதைக்காம என்ன செய்ய? கதவு உடையும். அப்புறம் கதவுக்கும் சேத்து அவதான் வாங்குவா. புத்தி உள்ளவளா இருந்தா, திறந்துட்டா ஒரு கதவு மிச்சம்னு யோசிக்கணுமா இல்லையா? அடியாத மாடு படியாதும்பாங்க. இவ அடிச்சும் படியல.

அந்தக் கதவுலதான் ஒரு பிரச்சினை வந்துச்சு. வெளிப்பக்கம் திறக்குற மாதிரி வைக்கலாமா சூசையண்ணேன்னு கேட்டா. தாராளமா வைக்கலாம்மா, உள்ள இடமும் மிச்சம்னு அவனும் தலையாட்டுறான். அதோட விட்டானா, வெளிய திறக்குற கதவு நிலையில போய்ப் படிஞ்சுக்கிரும் அண்ணாச்சி, வெளிய இருந்து எவன் உதைச்சாலும் உள்ள போகாதுங்குறான். எவன்டா உதைப்பான்னு கேட்டேன். குனிஞ்சு டேப்பச் சுருட்ட ஆரம்பிச்சுட்டான்.

எனக்குச் சுருக்குன்னுச்சு சார். சொல்லணும்ல, மனசுல பட்டத. என் காசு, என் வீடு, அதுல நான் திறக்க முடியாம ஒரு கதவா? நடையில போற வர்றவங்க மேல இடிக்கும், உள்பக்கந்தான் திறக்கணும்னு கண்டிசனாச் சொல்லிட்டேன். அவ ரொம்ப நேரம் அந்தச் சுவத்துல இருந்த கணக்கயே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் மெதுவா, சரி, உள்பக்கமே திறக்கட்டும், வெளிப்பக்கம் மேல ஒண்ணும் கீழ ஒண்ணுமா ரெண்டு நல்ல தாழ்ப்பாள் வச்சுத் தாங்க, பெருச்சாளி வருதுன்னா. வெளிப்பக்கம் எத்தனை வேணும்னாலும் வச்சுக்க தாயின்னேன். அதுவும் கடையில வாங்குற தகரம் வேணாம்னு, என் மண்டி குடோன்ல சும்மா கிடந்த ரெண்டு இரும்புத் தாழ்ப்பாள நானே எடுத்துட்டு வந்து குடுத்தேன். ஒவ்வொண்ணும் ஒரு முழம் இருக்கும். சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறதும்பாங்களே, நான் சூனியத்துக்குச் சாமானும் சேத்துக் கொண்டாந்தவன்.

ஜன்னல் ரெண்டடிக்கு இருந்துச்சு. அவதான் ஒரு அடியாக் குறைச்சுக் கம்பி போடச் சொன்னா. மூவாயிரம் மிச்சம். உள்தாழ்ப்பாளுக்கு மட்டும் அறுபது ரூபா அலுமினியம் போதும்னு நான் சொன்னேன், அவளும் எதுத்துப் பேசல.

இப்ப உள்ள நின்னு பாருங்க சார், அப்பத் தெரியும். உதைச்சா கதவு போய் நிலையில முட்டி நிக்குது. மூணு உதை உதைச்சேன், பெருவிரல் வீங்கிப் போச்சு. உள்பக்கம் திறக்குற கதவ இழுக்கத்தான் வேணும். இழுக்க என்ன இருக்கு? அந்த அறுபது ரூபாத் தாழ்ப்பாள்தான். அது திருகாணியோட கையில வந்துருச்சு. கையெல்லாம் எண்ணெய் வேற.

ஏன் பூட்டுனாங்கன்னா? அதத்தான் சார் நானும் எட்டரையில இருந்து யோசிக்கிறேன். போன வியாழக்கிழமை ஒரு சின்ன விசயம் நடந்துச்சு, அதுவா இருக்குமோ என்னவோ. இவள ரெண்டு அறை விட்டேன். எதுக்குன்னு ஞாபகம் இல்ல. மக மதிவதனி குறுக்க வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டா. அம்மாவ அடிக்காதீங்கப்பாங்குறா. பெத்த அப்பன் கையப் பிடிக்கிறதுன்னா என்ன அர்த்தம்? ரெண்டு பேரும் ஓடி இதுக்குள்ள புகுந்துக்கிட்டாங்க. நான் பாட்டுக்கு வந்தேன், ஒரே உதை. உள்தாழ்ப்பாள் தெறிச்சு வாளிக்குள்ள விழுந்துச்சு, மறுநாள் அதையே திருப்பி முடுக்கியாச்சு. அப்பக்கூட மரக்கதவுக்கு ஒரு கீறல் இல்ல சார், வேங்கைன்னா வேங்கைதான். மகள நான் அடிக்கல. பிடிச்ச கை எதுன்னு கேட்டேன். சொல்லல. வலது கையத் திருகுனேன், அவ்வளவுதான். மணிக்கட்டுல எலும்பு விட்டுருச்சு. மாவுக்கட்டு போட்டுருக்கு, நாப்பது நாள். சின்ன எலும்பு, சீக்கிரம் கூடிரும்னு டாக்டரே சொல்லிட்டார்.

வயசா? பதினாலு. ஒன்பதாவது படிக்கிறா. ஏன் சார், உங்களுக்கும் பொண்ணு இருக்கா? அப்பச் சரி, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. அடிக்கிற கைதான் அணைக்கும். அந்தச் சாயங்காலமே அல்வா வாங்கிட்டு வந்தேன். இடது கையால எடுத்து வச்சா, திங்கல.

சார்? இருக்கீங்களா? மீட்டர் பெட்டி மூடியச் சாத்துற சத்தம் கேட்டுச்சேன்னு பாத்தேன்.

செல்வராணி அன்னைக்கு அழவே இல்ல. அதுதான் ஆச்சரியம். எப்பவும் ரெண்டு நாளு மூக்கச் சிந்துவா. இந்தத் தடவ மறுநாளே தையல் மெசின் எண்ணெய எடுத்துட்டு வந்து, வெளித்தாழ்ப்பாள் ரெண்டுக்கும் சொட்டுச் சொட்டா விட்டு முன்னயும் பின்னயும் ஓட்டிப் பாத்துக்கிட்டு இருந்தா. பரவாயில்லயே, வீட்டுச் சாமான் மேல அக்கறை வந்துருச்சேன்னு நினைச்சேன். மகளுக்கு ஸ்காலர்ஷிப்புன்னு ஒரு பள்ளிக்கூடப் பேப்பர்ல கையெழுத்துக் கேட்டா, போட்டேன். அது டிசி வாங்குற பேப்பர்னு இப்பத்தான் சார் உறைக்குது. நேத்து மத்தியானம் போன்ல யார்கிட்டயோ பன்னெண்டரை வண்டின்னு சொல்லிக்கிட்டு இருந்தா. மண்டிக்குச் சரக்கு வண்டி வருதாக்கும்னு விட்டுட்டேன்.

இன்னைக்குச் சனிக்கிழமைல்ல, அவளே நல்லெண்ணெயில மிளகு போட்டுக் காய்ச்சிக் கொண்டாந்தா. உச்சந்தலையில அரக்கி அரக்கித் தேச்சு விட்டா. வாட்ச்சுல எண்ணெய் படும்னு கழட்டிக்கிட்டா, செல்லையும் வாங்கிக்கிட்டா. நல்லா ஊறட்டும், அவசரப்படாதீங்கன்னா. நான் உள்ள வந்து முக்காலியில உக்காந்து கண்ண மூடிட்டேன். தாழ்ப்பாள் சத்தமே கேக்கல. எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் எப்படிச் சத்தம் போடும்? அப்புறந்தான் கதவுக்கு அங்கிட்டு இருந்து அவ குரல். “என்னங்க, ரெண்டு வாளித் தண்ணி இருக்கு. சீயக்காய் கலக்கி வச்சிருக்கேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சூசையண்ணன வரச் சொல்லியிருக்கேன், அவரு வந்து திறப்பாரு. நாங்க போறோம்.” கோவமாக்கூடச் சொல்லல சார். பால்காரன்கிட்ட நாளைக்கு வேணாம்னு சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போனா. வாசல்ல ஆட்டோ ஹாரன் அடிச்சுச்சு. அந்த அவசரத்துல கீழ்த்தாழ்ப்பாளப் போட மறந்துட்டா. அவளுக்கு எந்த வேலையும் அரைகுறைதான்.

அதுதான் எனக்கு உயிர் சார். கதவுக்கு அடியில ஒரு இஞ்சு சந்து விட்டுருக்கான் சூசை. அதுல எட்டு விரலையும் விட்டு இழுக்குறேன். மேல பிடிச்சிருக்கு, கீழ வருது. விட்டு விட்டு இழுத்ததுல மேல ஒரு திருகாணி இளகிக் குடுக்குது, சத்தத்துலயே தெரியுது. நகம் ரெண்டு பேந்து போச்சு, பரவாயில்ல. இன்னும் ஒரு மணி நேரம் இழுத்தா வந்துரும். ஆனா அதுக்குள்ள அந்தப் பன்னெண்டரை ரயிலு போயிரும்ல. அதுக்குத்தான் உங்களக் கெஞ்சுறேன். நான் யார்கிட்டயும் கெஞ்சுனது இல்ல சார், கேட்டுப் பாருங்க.

திறந்தா என்ன செய்வீங்கன்னா? என்ன கேள்வி சார் இது. ஸ்டேசன் வண்டியில பத்து நிமிசம். துண்டோடயே போவேன், எண்ணெயோடயே போவேன். முடியப் பிடிச்சு பிளாட்பாரத்துல இருந்து இழுத்துட்டு வருவேன். கொல்லவெல்லாம் மாட்டேன் சார், நான் என்ன கொலைகாரனா? ஒரு காலு. ஒரே ஒரு கால முட்டிக்குக் கீழ. வத்தல் மூட்டை தட்டுற கட்டை மண்டியில இருக்கு. நடக்குற காலு இருந்தாத்தான ஸ்டேசனுக்கு நடக்கும்? உக்காந்த இடத்துல வச்சு நான் கஞ்சி ஊத்துவேன், ஒரு குறையும் வைக்க மாட்டேன். மகளுக்கு ஏற்கெனவே கட்டு இருக்கு, அவள ஒண்ணும் செய்ய மாட்டேன். இப்போதைக்கு.

என்ன சார்? நம்பிட்டீங்களா? இது என் வீடுதான்னு உங்களுக்குத் தெரிஞ்சு போச்சா? அப்பாடா. அதான் சொன்னேன்ல, இம்புட்டு விவரமாத் திருடனால சொல்ல முடியுமா? மெசினப் பைக்குள்ள போடுற சத்தம் கேக்குது. வாங்க சார், வாங்க. சந்துல பீங்கான் துண்டு கிடக்கும், பாத்து. பழைய பேசின்தான். அப்படியே நேரா. கல்லுத் தெரியுதா? அதுக்கு எதித்தாப்புல.

நானும் கீழ குனிஞ்சுட்டேன் சார், சந்து வழியாப் பாத்துக்கிட்டு இருக்கேன். ஆ, செருப்புத் தெரியுது. வார் அறுந்து ஊசி போட்டுத் தச்ச செருப்பு, உங்களுதுதான? நாளைக்கே மண்டிக்கு வாங்க சார், புதுச் செருப்பு வாங்கித் தாறேன், ரெண்டு கிலோ சம்பா வத்தலும் தாறேன். மணி என்ன, பதினொண்ணே முக்கால் இருக்குமா? போதும், போதும், பிடிச்சிரலாம்.

மேல சார். கைய மேல கொண்டு போங்க. தாழ்ப்பாள் உங்க தலை உயரத்துல இருக்கு.

என்ன, குனியுறீங்க? கீழ ஒண்ணும் இல்ல சார், மேல. சார், விரல் இருக்கு, விரல் இருக்கு, பொறுங்க, எடுத்துக்கிறேன்.

சார். அதத் தொடாதீங்க சார். கீழ்த்தாழ்ப்பாள் திறந்துதான் கிடந்துச்சு.